இணையவழி இறையியல் பாடநெறி: காசு கட்டுவதற்கு முன் என்னிடம் கேட்கிற கேள்விகள்

பரந்தன்–முல்லைத்தீவு வீதியோரம் இருக்கிற ஒரு சின்னச் சபையில் ஞாயிறு பாடசாலை நடத்துகிறேன். கிழமை நாட்களில் கூட்டுறவுச் சங்கத்தில் கணக்கு எழுதுகிற வேலை. 2023 ஐப்பசியில் நான் இணையத்தில் ஓர் இறையியல் பாடநெறியைக் காசு கொடுத்து வாங்கின கதை ஊருக்குள் பரவிவிட்டது. அன்றிலிருந்து ஆராதனை முடிந்து தேத்தண்ணீர் குடிக்கிற நேரத்தில் யாராவது ஒருவர் போனை நீட்டி, "அண்ணை, இதைக் கொஞ்சம் பாருங்கோ, சேரலாமோ?" என்று கேட்கிறார். தனித்தனியாகச் சொல்லிச் சொல்லிக் களைத்துவிட்டேன், அதனால் எழுதி வைக்கிறேன்.

நீங்கள் வாங்கினது பிரயோசனமா இல்லையா, அதை முதலில் சொல்லுங்கள்.

கொடுத்த காசுக்கு இல்லை. முழு நட்டம் என்றும் சொல்லமாட்டேன்.

விலை 199 டொலர். பக்கத்தின் மேலே "சலுகை முடிய இன்னும் 2 மணி 14 நிமிடம்" என்று ஒரு மணிக்கூடு ஓடிக்கொண்டிருந்தது. நானும் அவசரப்பட்டு அட்டையைக் கொடுத்துவிட்டேன். அன்றைய மாற்று விலைக்கு 64,000 ரூபாய்க்கு மேல் போனது, வங்கி எடுத்தது வேறு. அடுத்த நாள் அதே பக்கத்தைத் திறந்து பார்க்கிறேன், மணிக்கூடு மறுபடி 2 மணி 14 நிமிடத்தில் நிற்கிறது. கணக்கு எழுதுகிறவனுக்கு இதைவிடப் பெரிய வெட்கம் கிடையாது.

36 வீடியோக்கள். கரண்ட் போன இரவுகளில் பால்மா ரின்னில் போனைச் சாய்த்து வைத்துக் கேட்டேன். விரிவுரையாளர் நல்ல மனிதர், குரலும் நல்லது, அதில் குறை இல்லை. ஒவ்வொரு பாடத்தின் முடிவிலும் ஒரு பரீட்சை வரும். நான்கு விடை, ஒன்றைத் தொட வேண்டும், பிழை என்றால் "மீண்டும் முயலுங்கள்" என்று வரும், திரும்பத் தொடலாம். ஒன்பதாவது பாடத்தை நான் பார்க்கவே இல்லை. அன்று அறுவடைக் கணக்கு முடித்து வரப் பத்து மணி ஆகிவிட்டது, படுத்துக்கொண்டே தொட்டுத் தொட்டுப் பரீட்சையை முடித்தேன், 100 புள்ளி. அந்த நூறைப் பார்த்த பிறகுதான் நான் என்ன வாங்கியிருக்கிறேன் என்று விளங்கியது. கடைசியில் சான்றிதழும் வந்தது, என் பெயரில் ஓர் எழுத்துக் குறைவாக. திருத்தித் தரச் சொல்லி மூன்று முறை மின்னஞ்சல் போட்டேன், மூன்று முறையும் "உங்கள் ஆர்வத்துக்கு நன்றி" என்று ஒரே பதில்.

அப்போ காசை எதற்குத்தான் கொடுப்பது?

நீங்கள் எழுதியதை வாசிக்க ஓர் ஆள் இருந்தால் அதற்குக் கொடுங்கள். மற்றதெல்லாம் சும்மா கிடைக்கிறது.

என்னுடைய மாமி ஒருவர் தபாலில் வேதபாடம் படித்தவர். பழுப்பு உறையில் பாடம் வரும், அவ விடை எழுதி அனுப்புவா, திருத்தி அனுப்புவார்கள். சண்டைக் காலத்தில் ஓர் உறை போய்த் திரும்ப இரண்டு மாதமும் ஆகும், சில உறைகள் வரவே இல்லை. அதில் ஒரு தாளை மாமி இன்னும் வைத்திருக்கிறா. ஓரத்தில் சிவப்பு மையில் யாரோ எழுதியிருக்கிறார்: "நீங்கள் சொல்வது உண்மை, ஆனால் இந்த வசனம் அதைச் சொல்லவில்லை. திரும்ப வாசியுங்கள்." அவர் யார், எந்த ஊர் என்று மாமிக்குத் தெரியாது. ஆனால் அந்த ஒரு வரி அவவைப் படிப்பித்த அளவுக்கு என்னுடைய 36 வீடியோக்களும் என்னைப் படிப்பிக்கவில்லை. அடுத்த கிழமை அதே பகுதியைத் திரும்ப வாசித்து, இரண்டாம் முறை வேறு விடை எழுதினாவாம்.

இது பழைய காலத்து ஏக்கம் என்று நினைக்க வேண்டாம். 1963இல் குவாத்தமாலா நாட்டில் ஒரு பிரஸ்பிட்டேரியன் இறையியல் கல்லூரிக்கு இதே பிரச்சினை வந்தது. கிராமத்துச் சபைகளை நடத்துகிறவர்கள் தோட்டத்தையும் குடும்பத்தையும் விட்டுவிட்டு நகரத்துக்கு வந்து விடுதியில் தங்க முடியாது. அதனால் பாடத்தை வீட்டுக்குக் கொடுத்துவிட்டு, ஆசிரியர்கள் கிழமைக்கு ஒருமுறை அவர்கள் இருக்கிற பக்கம் போனார்கள். விரிவாக்க இறையியல் கல்வி என்று இன்று சொல்வது அப்படித் தொடங்கியதுதான். பெங்களூரில் 1971இல் தொடங்கிய டாஃப்டி என்ற அமைப்பும் அதே வழிதான்: வீட்டில் தனியாகப் பாடப்புத்தகம், பிறகு குழுவாகக் கூடிப் பேசுவது. வீட்டில் படிப்பது பாதி, கூடிப் பேசுவது பாதி. இணையத்தில் விற்கிற பலர் முதல் பாதியை மட்டும் எடுத்து முழு விலைக்கு விற்கிறார்கள்.

ஆகவே கட்டுவதற்கு முன் ஒரு கடிதம் போடுங்கள். என் கட்டுரையை யார் வாசிப்பார், அவருடைய பெயர் என்ன, எத்தனை நாளில் திருத்தித் தருவார், ஏற்கெனவே திருத்திய கட்டுரை ஒன்றைப் பெயரை மறைத்துக் காட்ட முடியுமா? இவ்வளவுதான். உண்மையான நிறுவனம் இரண்டு மூன்று நாளில் ஒரு மனிதர் எழுதின பதிலாக அனுப்பும். "இப்போதே இணையுங்கள்" என்று பதில் வந்தால் பெட்டியை மூடிவிடுங்கள்.

சும்மா கிடைக்கிறது என்றீர்கள், எங்கே?

யேல் பல்கலைக்கழகம் இரண்டு முழுப் பாடநெறிகளை இணையத்தில் திறந்து வைத்திருக்கிறது. கிறிஸ்டின் ஹேய்ஸ் நடத்திய பழைய ஏற்பாட்டு அறிமுகம், 24 விரிவுரைகள். டேல் மார்ட்டின் நடத்திய புதிய ஏற்பாட்டு அறிமுகம், 26 விரிவுரைகள். ஒரு சதமும் இல்லை. ஆனால் சொல்லிவிடுகிறேன், இது சபைக்குள் கேட்கிற பேச்சு இல்லை. வேதாகமத்தை ஒரு பழங்கால நூல்தொகுதியாக வைத்துப் படிப்பிக்கிறார்கள், மோசேதான் ஐந்து ஆகமங்களையும் எழுதினார் என்று நினைத்துக்கொண்டு போகிறவருக்கு முதல் மாதமே தலை சுற்றும். எனக்குச் சுற்றியது. பிறகு பழகிவிட்டது, நம்பிக்கையும் போய்விடவில்லை.

(மார்ட்டினுடைய விரிவுரைகள் 2009இன் முதல் மாதங்களில் பதிவானவை. சண்டையின் அந்தக் கடைசி மாதங்களில் நாங்கள் எங்கே இருந்தோம் என்று உங்களுக்குத் தெரியும். அவர் திரையில் நின்று அமைதியாகப் பவுலைப் பற்றிப் பேசிக்கொண்டிருப்பதைப் பார்க்கிறபோது எனக்கு என்னவோ செய்யும், நிறுத்திவிட்டு முற்றத்துக்குப் போய் வருவேன்.)

தமிழில் வேண்டும் என்றால் பைபிள் புராஜெக்ட்காரர் வேதாகமப் புத்தகங்களைப் படம் வரைந்து விளக்குகிற வீடியோக்களில் தமிழிலும் போட்டிருக்கிறார்கள், ஞாயிறு பாடசாலைப் பிள்ளைகளுக்கும் காட்டலாம். அப்புறம் ஸ்டெப் பைபிள். கேம்பிரிட்ஜில் இருக்கிற டின்டேல் ஹவுஸ் செய்தது, இலவசம். கிரேக்கம் தெரியாதவரும் ஒரு சொல்லைத் தொட்டால், அதே கிரேக்கச் சொல் வேறு எங்கெல்லாம் வருகிறது என்று காட்டும்.

இதில் நான் கண்டுபிடித்த ஒன்றைச் சொல்ல வேண்டும். ரோமர் 3:25இல் எங்கள் பழைய தமிழ் வேதாகமத்தில் "கிருபாதாரபலி" என்று ஒரு சொல் வருகிறது. சின்ன வயதிலிருந்து வாசிக்கிறேன், ஒரு நாளும் அது என்ன சொல் என்று யோசித்ததில்லை. கிரேக்கத்தில் ஹிலாஸ்தேரியன். அதே சொல் எபிரெயர் 9:5இலும் இருக்கிறது, ஆனால் அங்கே தமிழில் "கிருபாசனம்" என்று மொழிபெயர்த்திருக்கிறார்கள், உடன்படிக்கைப் பெட்டியின் மேல்மூடி. ஒரே சொல், ஓரிடத்தில் பலி, இன்னோரிடத்தில் ஆசனம். அப்போ பவுல் இயேசுவை ஒரு பலி என்கிறாரா, தேவன் மனிதரைச் சந்திக்கிற இடம் என்கிறாரா? கோபத்தைத் தணிப்பதா, பாவத்தைத் துடைப்பதா? இதை வைத்து இருபதாம் நூற்றாண்டில் டாட் என்பவரும் மோரிஸ் என்பவரும் எதிரெதிராக எழுதிக் குவித்திருக்கிறார்கள். நான் 64,000 கொடுத்த பாடநெறியில் ரோமருக்கு இரண்டு வீடியோ, இந்த வசனத்துக்கு ஒரே ஒரு வாக்கியம். நான் இதைப் படித்தது இலவசத் தளத்தில், ஒரு போயா (பௌர்ணமி) விடுமுறை நாளில்.

இந்தச் சான்றிதழை வேலைக்குக் காட்டலாமா?

காட்டலாம், ஆனால் பார்க்கிறவர் பார்த்துவிட்டுத் திருப்பித் தந்துவிடுவார். அரச நியமனத்துக்குப் பட்டம் வேண்டும் என்றால் அது பல்கலைக்கழக மானியங்கள் ஆணைக்குழு ஏற்கிற பல்கலைக்கழகத்தின் பட்டமாக இருக்க வேண்டும். வெளிநாட்டுப் பல்கலைக்கழகம் என்றால், பன்னாட்டுப் பல்கலைக்கழகச் சங்கத்தின் பட்டியலிலோ பொதுநலவாயப் பல்கலைக்கழகங்களின் பட்டியலிலோ அதன் பெயர் இருக்கிறதா என்று பார்ப்பார்கள். நிறுவனத்தின் தளத்தில் கழுகுப் படம் போட்ட முத்திரை இருப்பதெல்லாம் கணக்கில் வராது.

"அமெரிக்காவில் சட்டப்படி பதிவு செய்யப்பட்டது" என்று போட்டிருப்பார்கள், அதில் மயங்க வேண்டாம். அங்கே சில மாநிலங்களில் மதக் கல்வி மட்டும் கொடுக்கிற நிறுவனங்களுக்கு வழக்கமான உரிமத்திலிருந்து விலக்கு உண்டு. புளோரிடா ஓர் உதாரணம். ஆகவே சட்டப்படி நடக்கிறது என்பது உண்மையாகவே இருக்கலாம், அதற்காக அந்தப் பட்டத்துக்கு மதிப்பு இருக்கிறது என்று அர்த்தமில்லை. கடை பதிவு செய்யப்பட்டது என்பதற்காக அங்கே விற்கிற நெல் நல்ல நெல் ஆகிவிடுமா? அமெரிக்க நிறுவனம் என்றால் உயர்கல்வி அங்கீகார மன்றத்தின் (CHEA) தளத்தில் பெயரைப் போட்டுத் தேடலாம், இரண்டு நிமிட வேலை. ஆசியாவில் என்றால் 1970இல் தொடங்கிய ஆசிய இறையியல் சங்கத்தின் பட்டியலைப் பார்க்கலாம். இந்தியாவில் என்றால் செராம்பூர். கேரி, மார்ஷ்மன், வார்ட் ஆகிய மூன்று பேரும் 1818இல் தொடங்கிய கல்லூரி. அந்த ஊர் அப்போது டென்மார்க்காரர் கையில் இருந்தபடியால் 1827இல் டென்மார்க் மன்னர் பட்டம் வழங்குகிற உரிமையைக் கொடுத்தார். இன்றும் அந்த உரிமையில்தான் பல கல்லூரிகளின் இறையியல் பட்டங்கள் வருகின்றன. சபைப் பொதுமக்கள் வெளிவாரியாகப் படிக்கவும் அங்கே வழி இருக்கிறது.

ஒன்று கவனியுங்கள். சில நிறுவனங்கள் தாங்களே ஓர் அங்கீகாரச் சபையையும் தொடங்கி, அந்தச் சபை தங்களை அங்கீகரித்ததாகப் போட்டுக்கொள்கின்றன. அங்கீகாரம் கொடுத்தவருக்கு யார் அங்கீகாரம் கொடுத்தார் என்று இன்னுமொரு படி பின்னால் போய்ப் பாருங்கள்.

ஒரு வருடத்தில் 'டொக்டர்' பட்டம் தருகிறார்களாமே?

தருவார்கள். தொப்பியும் அங்கியும் வாடகைக்குத் தருவார்கள், படமும் எடுத்துத் தருவார்கள். காசு கூடுதலாக இருந்தால் சபைக்கு ஒரு தண்ணீர்த் தாங்கி வாங்கிக் கொடுங்கள்.

நான் போதகராக வேண்டும். இதைப் படித்தால் ஆகலாமா?

தம்பி, முதலில் உங்கள் திருச்சபையிடம் கேளுங்கள், பாடநெறியிடம் இல்லை. மெதடிஸ்த, அங்கிலிக்கன், பப்டிஸ்ட் திருச்சபைகளில் சபைதான் ஆளைத் தெரிவு செய்து அனுப்பும். 1963இல் அந்தச் சபைகளெல்லாம் சேர்ந்து பிலிமத்தலாவையில் தொடங்கிய இலங்கை இறையியல் கல்லூரிக்குத்தான் பெரும்பாலும் போவார்கள், அங்கே தமிழிலும் சிங்களத்திலும் படிப்பு, பட்டம் செராம்பூர் வழி. பெந்தெகொஸ்தே, சுயாதீன சபைக்காரர் லங்கா வேதாகமக் கல்லூரிக்கோ, 1994இல் தொடங்கிய கொழும்பு இறையியல் கல்லூரிக்கோ போகிறார்கள். கத்தோலிக்கர் என்றால் பேச்சே இல்லை, குருமடம்தான், யாழ்ப்பாணத்திலோ அம்பிட்டியிலோ வருடக் கணக்கில் தங்கிப் படிக்க வேண்டும். தங்கைமார் கேட்பதுண்டு: மெதடிஸ்த திருச்சபையிலும் அங்கிலிக்கன் திருச்சபையிலும் பெண் குருமார் இருக்கிறார்கள், ஆகவே கேட்பதற்குத் தயங்க வேண்டாம்.

சுயாதீன சபை ஒன்றை நீங்களே தொடங்கப் போகிறீர்கள் என்றால் சட்டப்படி ஒரு சான்றிதழும் கேட்கமாட்டார்கள். அதனால்தான் அங்கே படிப்பு இன்னும் கூடத் தேவை என்பது என் அபிப்பிராயம். 2009க்குப் பிறகு எங்கள் பக்கம் தகரக் கொட்டிலில் தொடங்கின சபைகள் எத்தனை! அதில் நல்ல மேய்ப்பரும் உண்டு, மைக் பிடித்தவுடனே தீர்க்கதரிசி ஆனவரும் உண்டு.

பாடநெறி எந்தச் சபைச் சார்பு என்று எப்படிக் கண்டுபிடிப்பது?

"சபை வேறுபாடு இல்லாத நடுநிலைப் பாடம்" என்று எழுதியிருந்தால் கொஞ்சம் உஷாராகுங்கள். நடுநிலை என்று யாரும் இல்லை, நானும் இல்லை. தங்களுடைய சார்பு இன்னது என்று வெளிப்படையாகச் சொல்கிறவரை நான் கூடுதலாக நம்புவேன். தளத்தில் விசுவாச அறிக்கை என்று ஒரு பக்கம் இருக்கும், அநேகம் பேர் அதைத் திறப்பதே இல்லை. ஞானஸ்நானம் யாருக்கு, கடைசிக்காலம் எப்படி, பெண்கள் பிரசங்கிக்கலாமா, அந்நியபாஷை இன்றைக்கும் உண்டா? இந்த நான்குக்கும் என்ன சொல்கிறார்கள் என்று பார்த்தால் எந்த வீட்டுப் பிள்ளை என்று தெரிந்துவிடும்.

சார்பு இருப்பது குற்றமில்லை. எதிர்ப்பக்கத்தாரின் வாதத்தை அவர்களே ஏற்றுக்கொள்கிற மாதிரி எடுத்துச் சொல்கிறார்களா என்பதுதான் எனக்கு முக்கியம். நான் மேலே சொன்ன கிருபாதாரபலியை வைத்துச் சோதியுங்கள். மாதிரிப் பாடம் ஒன்று கேளுங்கள், ரோமர் மூன்றாம் அதிகாரம் இருந்தால் தாருங்கள் என்று. "இப்படியும் சொல்கிறார்கள், அப்படியும் சொல்கிறார்கள், நாங்கள் இன்ன காரணத்தால் இதை எடுக்கிறோம்" என்றால் அது படிப்பு. "வேதாகமம் தெளிவாகச் சொல்கிறது" என்று நாலு தரம் சொல்லிவிட்டுக் கடந்து போனால், அது பிரசங்கம். பிரசங்கம் ஞாயிற்றுக்கிழமை காணிக்கையோடு கிடைக்கிறது.

மடுத் திருவிழாவுக்குப் போகிற கத்தோலிக்கச் சகோதரர்களும் என்னிடம் கேட்கிறபடியால் ஒன்று: உங்கள் திருவிவிலியத்தில் 73 நூல்கள், எங்களிடம் 66. புரொட்டஸ்தாந்துப் பாடநெறியில் தோபித்தும் மக்கபேயரும் கூடுதல் நூல் என்று ஒரு மூலையில் கிடக்கும், அல்லது வரவே வராது. பங்குத்தந்தையிடம் ஒரு வார்த்தை கேட்டுவிட்டுக் கட்டுங்கள்.

ஆங்கிலம் அவ்வளவு வராது. தமிழ்ப் பாடநெறி எடுக்கலாமா?

எடுக்கலாம், ஆனால் தமிழில் எழுதினதா, இயந்திரம் மொழிபெயர்த்ததா என்று பாருங்கள். விசுவமடுப் பக்கத்து அக்கா ஒருவர் கொண்டுவந்து காட்டினார், பாடத் தலைப்பு "வேலையின் புத்தகம்". என்னடா இது என்று உள்ளே போனால் 42 அதிகாரம், நண்பர்கள் மூன்று பேர், உடம்பெல்லாம் புண். யோபுவைத்தான் ஆங்கில எழுத்தைப் பார்த்து வேலை ஆக்கியிருக்கிறது இயந்திரம்! எண்ணாகமம் அங்கே "எண்கள்". அக்கா அழுகிற அளவுக்குச் சிரித்தா, பிறகு கட்டின காசை நினைத்துச் சிரிப்பு நின்றுவிட்டது.

இயந்திரம் இல்லாமல் ஆள் எழுதின நல்ல தமிழ் இறையியல் இல்லாமல் இல்லை. மதுரை அரசரடியில் இருக்கிற தமிழ்நாடு இறையியல் கல்லூரி தமிழிலேயே இறையியல் படிப்பித்துப் பழகின இடம். தமிழுக்கு இது புதுத் துறையும் இல்லை. ஜெர்மன் பாதிரியார் சீகன்பால்கு தரங்கம்பாடியில் வந்து இறங்கியது 1706இல். எங்கள் பக்கத்தில் வட்டுக்கோட்டைச் செமினரி 1823இல் தொடங்கியது. பேர்சிவல் பாதிரியார் யாழ்ப்பாணத்தில் வேதாகமத்தை மொழிபெயர்த்தபோது கூட இருந்து தமிழைச் செப்பனிட்டவர் ஆறுமுக நாவலர், அவர் கடைசிவரை சைவர். இவ்வளவு முதுசம் இருக்கிற மொழியில் வேலையின் புத்தகத்துக்குக் காசு கொடுப்பது கொஞ்சம் அநியாயம்.

டேட்டா, கரண்ட் எல்லாம் எப்படிச் சமாளிப்பது?

வீடியோவை 360இல் வைத்தால் மணித்தியாலத்துக்கு 300 எம்.பி. அளவில் போகும், 720இல் வைத்தால் ஒரு ஜி.பி.யைத் தாண்டும். விரிவுரையாளரின் முகம் தெளிவாகத் தெரிந்து என்ன செய்யப் போகிறீர்கள்? ஒலியை மட்டும் இறக்கித் தருகிற பாடநெறி என்றால் இன்னும் நல்லது, வயலுக்குத் தண்ணீர் கட்டுகிறபோதும் கேட்கலாம். இறக்கி வைக்க விடாமல் எந்நேரமும் இணைப்பில் இருந்தே பார்க்க வேண்டும் என்கிறவர்கள், எங்கள் ஊர்ச் சிக்னலைப் பார்த்ததில்லை.

மாதக் கட்டணம் குறைவு, மாதா மாதம் கட்டலாம் என்கிறார்களே?

மாதம் 15 டொலர் என்று பார்க்க இலேசாக இருக்கும். அட்டையில் தானாகவே வெட்டிக்கொண்டு போகும், நீங்கள் படிக்கிறீர்களா இல்லையா என்று அதற்குக் கவலை இல்லை. எங்களுக்கு மாரிகாலத்தில் விதைப்பு, தை மாசியில் அறுவடை, அந்த மாதங்களில் யாரும் கொப்பியைத் திறக்கமாட்டார்கள், ஆனால் அட்டை திறந்தே இருக்கும். டொலரின் விலையும் ஒரே மாதிரி நிற்காது. 2022 தொடக்கத்தில் 200 அளவில் இருந்தது சில மாதத்தில் 360 வரை போனதைக் கண்டவர்கள் நாங்கள், அந்த வருடம் சேர்ந்திருந்தால் கட்டணம் கூடாமலே கட்டணம் கூடியிருக்கும். இடையில் நிறுத்தி வைக்கலாமா, நிறுத்தினால் செய்த பாடங்கள் அழியுமா, எத்தனை நாளுக்குள் கேட்டால் காசு திரும்பும் என்று எழுத்தில் கேட்டு வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்.

கடன் எடுத்துச் சேரலாமா?

வேண்டாம். நுண்கடன்காரர் வீட்டுப் படலையில் வந்து நிற்பதைப் பார்த்த ஊர் இது. ஒரு வேதபாடத்துக்காக அவர்களுக்கு முற்றத்தில் கதிரை போட வேண்டாம்.

போதகர் ஐயாவுக்குச் சொல்லாமல் படிக்கலாமா? அவருக்குப் பிடிக்காது.

படிக்கலாம். நீங்கள் வளர்ந்த ஆள். ஆனால் சொல்லிவிட்டுப் படிப்பது நல்லது என்று நான் கற்றுக்கொண்டது ஒரு கூட்டத்தில். புதிதாகப் படித்த சூட்டில், ஐயா பிரசங்கத்தில் சொன்ன ஒன்றை எல்லாருக்கும் முன்னால் திருத்தினேன். கிரேக்கச் சொல்லையும் சொன்னேன், அதுவும் பிழையான உச்சரிப்பில். ஐயா ஒன்றும் சொல்லவில்லை. இரண்டு மாதம் எனக்குப் பிரசங்கிக்கிற முறையும் வரவில்லை. சில ஐயாமார் உண்மையிலேயே பயப்படுவார்கள், அதையும் மறைக்கத் தேவையில்லை. ஆனால் அரைகுறைப் படிப்போடு வருகிற எங்களைக் கண்டு பயப்படுவதற்கும் அவர்களுக்குக் காரணம் இருக்கிறது.

எங்களுக்கு நடந்ததற்கு இந்தப் படிப்பில் பதில் கிடைக்குமா?

இதை என்னிடம் கேட்டது ஓர் அம்மா. அவருடைய மகன் 2009இல் காணாமல் போனவர். 2017 மாசியில் கிளிநொச்சி கந்தசுவாமி கோயில் முன்னால் தாய்மார் உட்காரத் தொடங்கினார்களே, அந்தக் கொட்டிலில் அவரும் பல நாள் இருந்தவர். "தம்பி, அந்தப் படிப்பில ஆண்டவர் ஏன் பேசாமல் இருந்தவர் எண்டு இருக்கோ?"

நான் வாங்கின பாடநெறியில் துன்பத்தைப் பற்றி ஒரு பாடம் இருந்தது, 18 நிமிடம். உதாரணம், வேலை இழந்த ஒருவர். முடிவு, எல்லாவற்றுக்கும் தேவனிடம் ஒரு திட்டம் இருக்கிறது. அதை அந்த அம்மாவுக்குப் போட்டுக் காட்ட என் கை வரவில்லை.

ஆனால் இறையியலே கைவிட்டது என்று சொல்லமாட்டேன். 150 சங்கீதங்களில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் முறையீடுகள் என்று அறிஞர்கள் சொல்வதை நான் படித்தது இந்தத் தேடலில்தான். சின்ன வயதிலிருந்து சபையில் துதிச் சங்கீதங்களை மட்டும் வாசித்துப் பழகியிருந்தேன். 88ஆம் சங்கீதம் இருளிலேயே முடிகிறது, கடைசியில் ஒரு ஸ்தோத்திரம் கூட இல்லை. அந்த அம்மாவோடு இருந்து அதை வாசித்தேன். அவர் கேட்டார், "இது உண்மையா பைபிள்ல இருக்கோ?" பக்கத்தை விரல் வைத்துக் காட்டினேன். திரும்ப ஒருமுறை வாசிக்கச் சொன்னார்.

ஆகவே பாடத்திட்டத்தைப் பார்க்கிறபோது யோபு, புலம்பல், முறையீட்டுச் சங்கீதங்கள் இவற்றுக்கு எவ்வளவு இடம் கொடுத்திருக்கிறார்கள் என்றும் பாருங்கள். விசுவாசித்தால் செல்வம் வரும் என்கிற செழிப்பு உபதேசக்காரரின் பாடநெறியில் இவை எட்டிப் பார்த்துவிட்டுப் போகும்.

எல்லாம் பார்த்தாயிற்று, இன்னும் மனம் தடுமாறுகிறது. என்ன செய்யலாம்?

மூன்று மாதம் இலவசத்தில் படித்துப் பாருங்கள். கிழமைக்கு இரண்டு விரிவுரை, ஒரு பக்கம் கையால் எழுதுவது. ஹேய்ஸ் அம்மையாரின் 24ம் மூன்று மாதத்துக்குள் முடிந்துவிடும். முடித்தால், யாராவது என் கொப்பியைத் திருத்தித் தந்தால் நல்லதே என்று தானாகவே தோன்றும், அப்போது காசைக் கட்டுங்கள், அதுவும் திருத்துகிறவர் இருக்கிற இடத்தில். ஆறாவது விரிவுரையில் நின்றுவிட்டால் 64,000 மிச்சம்.

நீங்கள் இப்போது எங்கே படிக்கிறீர்கள்?

வெளிவாரியாக ஒன்றில் சேர்ந்திருக்கிறேன், மெதுவாகப் போகிறது. முதல் கட்டுரை திரும்பி வந்தபோது நான்கு பக்கத்தில் பதினொரு இடத்தில் கோடு. இரண்டு நாள் கோபம், மூன்றாம் நாள் அவர் சொன்னதில் ஒன்பது சரி என்று தெரிந்தது, மிச்ச இரண்டுக்கும் பதில் எழுதிப் போட்டேன். ஒன்றை ஏற்றுக்கொண்டார்.

அதோடு ஞாயிறு பின்னேரம் மூன்று மணிக்கு எங்கள் வீட்டு மாமரத்தடியில் நாலு பேர் கூடுகிறோம். விசுவமடு அக்கா, ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவர், ஏ.எல். பரீட்சை எடுத்துவிட்டு நிற்கிற ஒரு தம்பி, நான். எழுதினதை ஆளுக்கு ஆள் மாற்றி வாசிப்போம். சிவப்புப் பேனை ஒன்றுதான் இருக்கிறது, அதை ஆசிரியர் விடமாட்டார். மாசியில் அறுவடை என்றபடியால் கூட்டம் இல்லை, பங்குனியில் யோபு தொடங்குகிறோம்.